அலங்கோலமான வீட்டையும் ஆளையும் எழுத்தில் காட்டுவது

கேள்வி: மனைவியை இழந்து தனியாக வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சிறுகதை எழுதுகிறேன். 'வீடு அலங்கோலமாகக் கிடந்தது, அவர் தலை பரட்டையாக இருந்தது' என்று எழுதினால், எதுவும் கண்ணில் தெரியவில்லை என்கிறார்கள் படித்த நண்பர்கள். பொருள்களை அடுக்கினால் அது பட்டியலாகிவிடுகிறது. எப்படித்தான் எழுதுவது?

பதில்: பொருள்களைத் தேடும் முன்பு, இந்த மனிதர் எந்த வேலையைச் செய்யாமல் விட்டார், ஏன் விட்டார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒழுங்கின்மைக்கு ஆளுக்கு ஆள் வேறு காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரிந்துவிட்டால் எந்தப் பொருளைக் காட்டுவது, எதை விடுவது என்பதும் தெரிந்துவிடும்.

ருஷ்ய எழுத்தாளர் கொன்சரோவ் 1859-இல் வெளியிட்ட 'ஒப்லோமவ்' நாவலின் தொடக்கத்தில், படுக்கையை விட்டு எழ மனமில்லாத நிலக்கிழார் ஒருவரின் அறை வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அது வசதியான அறைதான். ஆனால் கண்ணாடியில் படிந்திருக்கும் தூசியில் குறிப்பு எழுதி வைக்கலாம். முந்தைய இரவு சாப்பிட்ட தட்டு மேசையிலேயே இருக்கிறது. விரித்து வைத்த புத்தகத்தின் பக்கங்கள் மஞ்சளேறிவிட்டன. மைக்கூட்டில் பேனாவை நனைத்தால் ஈ ஒன்று பதறிப் பறக்கும். வாசிப்பு, எழுத்து என்று தொடங்கிய செயல்கள் எல்லாம் அந்த அறையில் பாதியில் நிற்கின்றன. கோகோலின் 'இறந்த ஆன்மாக்கள்' (1842) நாவலில் வரும் பிளூஷ்கின் இதற்கு நேர்மாறானவர். தேய்ந்த செருப்பின் அடித்தோல், ஆணி, ஓட்டாஞ்சில் என்று வழியில் கிடப்பதையெல்லாம் பொறுக்கி வந்து வீட்டு மூலையில் குவிக்கும் கஞ்சர் அவர். அவர் நடந்துபோன தெருவைப் பெருக்கவே வேண்டியதில்லை என்கிறார் கோகோல். முதலாமவரின் தூசி சோம்பலில் படிந்தது, இரண்டாமவரின் குப்பை பேராசையில் சேர்ந்தது. இரண்டு அறைகளையும் இடம் மாற்றி வைத்தால் இரண்டு பாத்திரங்களுமே பொய்யாகிவிடும்.

உங்கள் ஆசிரியர் சோம்பேறியும் இல்லை, கஞ்சரும் இல்லை. மனைவி செய்துவந்த வேலைகளில் சிலவற்றை அவர் கற்றுக்கொண்டிருப்பார், சில வேலைகள் இருந்தன என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. ஆகவே அவருடைய வீடு முழுவதும் ஒரே மாதிரி அழுக்காக இருக்க முடியாது. தினமும் அவர் சாப்பிடும் ஒரு தட்டும் ஒரு தம்ளரும் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்திருக்க, அலமாரியிலுள்ள மற்றப் பாத்திரங்களில் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் தூசி ஒட்டியிருக்கலாம். துணிகளைத் துவைத்துவிடுவார், மடித்து வைக்கத் தோன்றாமல், உலர்ந்த சட்டையை அன்றன்றைக்குக் கொடியிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்வார். புத்தக அலமாரியோ என்றும் போல் வரிசை குலையாமல் இருக்கும். ஒழுங்காக இருக்கும் இந்த ஒரு மூலையை எழுத மறந்துவிடாதீர்கள்; மற்ற இடங்களின் நிலை அதை வைத்துத்தான் வாசகருக்கு உறைக்கும்.

அடுத்தது, யார் பார்க்கிறார்கள் என்பது. இதில்தான் பெரும்பாலான கதைகள் தடுமாறுகின்றன. கதை அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் பார்வையில் நகர்ந்தால், அவர் தம் வீட்டு ஒட்டடையைக் கவனிக்கவே மாட்டார். வாசலில் கிடக்கும் பழைய செய்தித்தாள் கட்டைத் தாண்டித் தாண்டிப் பழகிய கால் இன்றும் தாண்டும், அவ்வளவுதான். ஊரிலிருந்து மகள் வருகிறாள் என்றால் பார்வை மாறும். உட்காரச் சொன்ன நாற்காலியிலிருந்து அவள் துணிக்குவியலை எடுக்க வேண்டியிருக்கும், எடுத்ததை வைக்க இடம் இருக்காது. அடுப்படிக்குப் போனால் புளித்த மாவின் வாடை முதலில் வரும். இப்படிப் பாத்திரத்தின் கையும் காலும் பட்டு ஒவ்வொன்றாகப் பொருள்கள் வரும்போது பட்டியல் என்ற உணர்வே எழாது. மூன்று நான்கு பொருள்கள் போதும்.

ஆளை எழுதும்போதும் இதே முறைதான். பரட்டைத் தலை, கசங்கிய சட்டை என்ற அடைமொழிகள் யாருக்கும் பொருந்தும். பொத்தான் ஒன்று தள்ளி மாட்டியிருப்பதை மகள் சொன்ன பிறகும், சரி என்று தலையாட்டிவிட்டு அதைத் திருத்தாமலே பேச்சைத் தொடர்பவர் ஒரு தனி மனிதராகிவிடுகிறார். நின்றுபோன கடிகாரத்தையும் கிழிக்கப்படாத நாட்காட்டியையும், அந்த நேரத்துக்கும் தேதிக்கும் கதையில் வேலை இருந்தாலொழிய, தயவுசெய்து தொடாதீர்கள். அவை துயரத்தின் அடையாளமாகப் பலமுறை பயன்பட்டுத் தேய்ந்துவிட்டன.

வறுமையை ஒழுங்கின்மையோடு குழப்பிவிடாதீர்கள் என்பதையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பத்தில் பாயும் பாத்திரமும் பள்ளிப் பையும் நெருக்கியடித்துக் கிடப்பது இடப் பற்றாக்குறையே அன்றி அசட்டை ஆகாது. அங்கே ஒவ்வொரு பொருளும் தினமும் எடுக்கப்பட்டு, தினமும் அதே இடத்துக்குத் திரும்பும். நெருக்கத்தைக் கண்டதும் அழுக்கு என்று எழுதும் பழக்கம் நம் கதைகளில் இன்னும் இருக்கிறது. உங்கள் ஆசிரியரின் பக்கத்து வீடு அப்படிப்பட்டதாக இருந்தால், அந்த வீட்டின் பெருக்கிய தரையை எழுதுங்கள்.