கேள்வி நேரம்: புரவலரும் புகைப்படக்காரரும்

கேள்வி: அமெரிக்கப் புகைப்படக்காரர் ராபர்ட் மேப்பிள்தோர்ப்பை உருவாக்கியது அவருடைய புரவலர் சாம் வாக்ஸ்டாஃபின் பணம்தானா?

பதில்: பணம் மட்டுமல்ல. 1972-இல் நியூயார்க்கில் இருவரும் சந்தித்தபோது வாக்ஸ்டாஃப் அருங்காட்சியகங்களில் பணியாற்றித் தேர்ந்தவர். மேப்பிள்தோர்ப்பைவிட 25 வயது மூத்தவர். இருவரும் காதலர்களாகவும் இருந்தார்கள். நியூயார்க்கின் பாண்ட் தெருவில் மேப்பிள்தோர்ப்புக்கு ஸ்டுடியோ அமைய வாக்ஸ்டாஃப் உதவினார். ஹாசல்பிளாட் கேமராவும் வாங்கித் தந்தார். அந்த கேமராதான் பெரிய திருப்பம். அதுவரை மேப்பிள்தோர்ப் எடுத்த போலராய்டுகள் (எடுத்தவுடன் அச்சாகி வரும் படங்கள்) பெரும்பாலும் ஒற்றைப் பிரதிகள், விற்றால் போயிற்று. ஹாசல்பிளாடின் சதுர நெகட்டிவ், 35 மி.மீ. நெகட்டிவைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல் பரப்புடையது. பெரிதாக்கினாலும் தோலின் நுணுக்கம் கலையாது; எண்ணிட்ட பிரதிகளாகவும் விற்கலாம். அதில் போடும் 120 வகை ஃபிலிம் சுருளில் 12 படங்களே என்பதால், ஒளியைச் சரிசெய்த பிறகே ஷட்டரைத் தொட வேண்டும். அவருடைய படங்களின் இறுக்கத்துக்கு இதுவும் காரணம் என்றே கருதுகிறேன்.

கொடுத்தவர் பெற்றதும் உண்டு. மேப்பிள்தோர்ப்பின் தாக்கத்தில்தான் வாக்ஸ்டாஃப் பழைய புகைப்படங்களைச் சேகரிக்கத் தொடங்கினார். அத்தொகுப்பை 1984-இல் கெட்டி அருங்காட்சியகம் வாங்கியது.

கேள்வி: மேப்பிள்தோர்ப்பின் படங்கள் மீதான ஆபாச வழக்கின்போது புரவலர் துணை நின்றாரா?

பதில்: இல்லை, அவர் 1987-லேயே எய்ட்ஸால் இறந்துவிட்டார். மேப்பிள்தோர்ப்பும் 1989 மார்ச்சில் அதே நோய்க்குப் பலியானார். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் அவருடைய படக் கண்காட்சி மீது வழக்கு நடந்தது 1990-இல். கண்காட்சியின் 175 படங்களில் 7 மட்டுமே குற்றச்சாட்டுக்குள்ளாயின. கூண்டில் நின்றவர்கள் கண்காட்சியை நடத்திய கலை மையமும் அதன் இயக்குநர் டென்னிஸ் பாரியும், ஜூரி விடுவித்தது.