சந்தா கட்டி மொத்தமாக வாங்கலாமா, மலிவு விலைக் கடையே போதுமா?

கேள்வி: வீட்டில் மூன்று பேர். சந்தா கட்டி மொத்தமாக வாங்கும் கிடங்குக் கடை, சந்தா இல்லாத மலிவு விலை சூப்பர் மார்க்கெட் இரண்டுமே பக்கத்தில் உள்ளன. எதில் வாங்கினால் மளிகைச் செலவு குறையும்?

பதில்: மூன்று பேர்தான் என்றால், முதலில் மலிவு விலைக் கடையில் தொடங்குங்கள்.

ரகங்களைக் குறைத்துத்தான் இரண்டு கடைகளும் விலையைக் குறைக்கின்றன. சந்தா கட்டி வாங்கும் கிடங்குக் கடையான காஸ்ட்கோவில் சுமார் 4,000 வகைப் பொருட்கள். சந்தா இல்லாத மலிவு விலைக் கடையான ஆல்டியில் அதைவிடக் குறைவு, பெரும்பாலும் சொந்த பிராண்டு. காஸ்ட்கோ கொள்முதல் விலைமேல் சேர்க்கும் லாபத்தை ஏறத்தாழ 15 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்கிறது. லாபத்தில் பெரும்பங்கு சந்தாவிலிருந்து வருகிறது. அதனால் அந்தச் சந்தாவையும் பொருளின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சந்தா வருடத்துக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். அங்கே விலை 10 சதவீதம் குறைவு என்றால், மற்ற கடையில் 600க்கு வாங்கியிருக்கக்கூடிய பொருட்களை அங்கே வாங்கினால்தான் சந்தாப் பணமே திரும்பி வரும். மலிவாக இருக்கிறதே என்று புதிதாக வண்டியில் போட்டவை இந்தக் கணக்கில் சேராது.

பலரும் கோட்டைவிடுவது வீணாகும் பொருளில்தான். பெரிய பை கிலோவுக்கு 20 சதவீதம் மலிவு. அதில் கால்வாசி கெட்டுப்போனால், நீங்கள் சாப்பிட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் சின்னப் பையைவிட ஏறக்குறைய 7 சதவீதம் அதிகம் கொடுத்திருக்கிறீர்கள். காய்கறி, ரொட்டி, பால் போன்றவற்றை மலிவு விலைக் கடையில் சின்ன அளவில் வாங்குவதே மூன்று பேர் வீட்டுக்குச் சரி. சோப்புத் தூள், டிஷ்யூ மாதிரி கெடாத பொருட்களுக்குத்தான் மொத்தக் கொள்முதல் நன்றாக ஒத்துவரும். எண்ணெயைக் கெடாத பொருள் என்று நினைக்காதீர்கள்; பெரிய டப்பாவைத் திறந்து மாதக்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும்.

ஒரு மாத ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். அடிக்கடி வாங்கும் பத்துப் பொருட்களுக்கு மட்டும் கிலோ, லிட்டர் கணக்கில் விலை எழுதி ஒப்பிட்டாலே போதும். அப்புறம், அந்தக் கிடங்குக் கடையில் உறுப்பினர்களுக்குப் பெட்ரோல் மலிவா என்று பாருங்கள். தினமும் கார் ஓட்டுபவர் என்றால் அதிலேயே சந்தா தேறக்கூடும். கெடாத பொருட்களைப் பங்கு போட்டுக்கொள்ள உறவினரோ நண்பரோ இருந்தாலும் என் பதில் மாறும். சேர்ந்த பிறகு கட்டுப்படியாகவில்லை என்றால் சந்தாவைத் திருப்பித் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். காஸ்ட்கோவில் அந்த வசதி உண்டு.