கல்லூரி பார்க்கப் போகும்போது கேள்விச் சீட்டை மகளிடம் கொடுங்கள்

தம்பி, மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்கு முதலில் வாழ்த்துகள். அமெரிக்கா வந்து இரண்டே வருடத்தில் இது பெரிய விஷயம். "இடம்தான் கிடைத்துவிட்டதே, ஏப்ரலில் குடும்பத்தோடு வாருங்கள் என்று ஏன் அழைக்கிறார்கள், போனால் என்ன பார்க்க வேண்டும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

கட்டாயம் போங்கள். இங்கே இடம் கொடுத்த பிறகு, தேர்ந்தெடுக்கும் வேலை நம் பக்கம் வந்துவிடுகிறது. பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1-க்குள் பதில் சொல்லி முன்பணம் கட்ட வேண்டும். அதற்குள் உங்கள் மகளின் மனதைப் பிடிக்கத்தான் இந்த அழைப்பு. டி-ஷர்ட் கொடுப்பார்கள், பேண்டு வாசிப்பார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், முடிவை மட்டும் அன்றைக்கே எடுக்க வேண்டாம்.

என் மகனுக்காக நாங்கள் போனபோது இரண்டு பக்கம் கேள்வி எழுதி சட்டைப்பையில் வைத்திருந்தேன். உதவித்தொகை மேசையில் நான்தான் பேசினேன். அவன் எனக்குப் பின்னால் நின்றான். மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலக அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் தோளைத் தாண்டி அவனைப் பார்த்து, "உனக்கு என்ன தெரிய வேண்டும், நீ சொல்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஃபெர்பா என்று 1974-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. பிள்ளை கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, வயது பதினெட்டு ஆகாவிட்டாலும், மதிப்பெண், ஃபீஸ் கணக்கு எல்லாவற்றின் மீதும் உரிமை பிள்ளைக்குத்தான். பிள்ளை சம்மதம் எழுதிக் கொடுக்காவிட்டால், அப்பா போன் செய்தாலும் அலுவலகத்தில் பெரும்பாலும் வாய் திறக்க மாட்டார்கள். ஃபீஸ் பில்கூட பிள்ளையின் கணக்குக்குத்தான் போகும். நமக்கும் அதைப் பார்க்க அவர்கள்தான் அனுமதி கொடுக்க வேண்டும்.

அதனால் அந்தக் கேள்விச் சீட்டை மகளிடம் கொடுத்துவிடுங்கள். அவள் தடுமாறினாலும் நீங்கள் முந்திக்கொண்டு பேச வேண்டாம். ஆகஸ்டில் அதே மேசைக்கு அவள் தனியாகத்தான் போகப் போகிறாள். பெற்றோருக்கென்று தனிக் கூட்டம் வைத்திருந்தால் நீங்களும் உங்கள் மனைவியும் அங்கே போங்கள், மகள் மற்ற மாணவர்களோடு போகட்டும்.

பணத்தில் மட்டும் நீங்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கல்லூரி அனுப்பும் உதவிக் கடிதத்தில் கிராண்டும் (திருப்பிக் கட்ட வேண்டாத பணம்) லோனும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். இரண்டையும் கூட்டிக் கழித்துவிட்டு, "ஃபீஸ் இவ்வளவுதான்" என்று நினைக்கிறவர்கள் நிறைய. லோன் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். உங்கள் மகள், வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான ஹெச்-4 விசாவில் இருந்தால் மத்திய அரசின் உதவி கிடைக்காது. கிரீன் கார்டு இருந்தால் அந்த உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை நிரப்பலாம். அரசுப் பல்கலைக்கழகம் என்றால், மாநிலத்துக்காரர்களுக்கான குறைந்த கட்டணம் உங்கள் விசாவுக்குப் பொருந்துமா என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். இது மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

அப்புறம், தங்கும் அறை. காட்டுவது பார்வைக்கென்றே துடைத்து வைத்த அறைதான். வழியில் போகும் மாணவர் யாரையாவது நிறுத்தி, துணி துவைக்க எந்த மாடிக்குப் போக வேண்டும், இரவு லைப்ரரியிலிருந்து எப்படித் திரும்புகிறார்கள் என்று மகள் கேட்கட்டும். கட்டில் பெரும்பாலும் ட்வின் எக்ஸ்எல் என்ற நீளமான ஒற்றைக் கட்டில், 80 அங்குல நீளம். வீட்டில் இருக்கும் சாதாரண ட்வின் விரிப்பு எட்டாது. நாங்கள் போனபோது என் மனைவி மெத்தையை அழுத்திப் பார்த்தாள், மேசை இழுப்பறையைத் திறந்து மூடினாள், பிறகு வெகுநேரம் ஜன்னலோரமே நின்றாள். பையன் ஷூவோடு கட்டிலில் நீட்டிப் படுத்து, கால் வெளியே வரவில்லை என்று சிரித்தான்.

மாமியாரையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் ஒன்றரை மணி நேரமாவது நடக்க வேண்டியிருக்கும். பதிவு செய்யும்போதே முதியவர் வருகிறார் என்று எழுதுங்கள், பல இடங்களில் வண்டி ஏற்பாடு செய்து தருவார்கள். திரும்பி வரும்போது காரில் "பிடித்ததா?" என்று உடனே கேட்க வேண்டாம். எங்கள் பையன் இரண்டு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவனாகவே ஆரம்பித்து வீடு வரும்வரை நிறுத்தவில்லை.