பள்ளியில் படித்த எஸ்விஓசிஏ வார்டில் உதவுமா?

மார்த்தாண்டத்திலிருந்து வந்து இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்திருக்கும் தங்கை ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "அக்கா, ஓஇடி என்ற மருத்துவத் துறைக்கான ஆங்கிலத் தேர்வை பாஸ் பண்ணித்தான் வந்தேன். ஆனால் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளிகளைப் பற்றி ஹேண்ட்ஓவர் சொல்லும்போது பாதி வாக்கியத்தில் சிக்கிக்கொள்கிறேன். கிராமர் புத்தகம் வாங்கி முதலிலிருந்து படிக்கட்டுமா?"

வேண்டாம் மக்களே. உனக்கு வேண்டிய இலக்கணத்தைப் பள்ளியிலேயே படித்துவிட்டாய். எஸ்விஓசிஏ ஞாபகம் இருக்கிறதா? எழுவாய், வினை, செயப்படுபொருள், நிரப்பி, அப்புறம் இடம் காலம் சொல்லும் அட்ஜங்க்ட். வாக்கியத்தைத் துண்டு போட்டு மேலே எழுத்தெழுதி மார்க் வாங்கினோம். அந்த அமைப்பில் வாய்திறந்து பேச யாரும் சொல்லித்தரவில்லை. குறை அங்கேதான்.

நீ ஏன் சிக்கிக்கொள்கிறாய் என்று பார். தமிழில் நாம் எப்படிச் சொல்வோம்? "ராத்திரி பத்து மணிக்கு நாலாம் பெட் தாத்தா நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னதனால டாக்டரைக் கூப்பிட்டேன்." காலம், ஆள், காரணம் எல்லாம் வந்த பிறகு கடைசியில்தான் வினை. கேட்கிற தமிழன் அதுவரை பொறுமையாக இருப்பான். அதே வரிசையில் ஆங்கிலத்தில் தொடங்கினால் "லாஸ்ட் நைட் டென் ஓ கிளாக் பெட் ஃபோர்..." என்று போய், வினையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிடுவாய். ஆங்கிலக் காது எழுவாய்க்கு அடுத்தபடியாக வினையை எதிர்பார்க்கும். "ஐ கால்டு தி டாக்டர்" என்று முதலில் போட்டுவிடு. "பிகாஸ் பெட் ஃபோர் ஹேட் செஸ்ட் பெயின்" அடுத்து வரட்டும். "அட் டென்" கடைசியில் போதும். உன்னோடு வேலை பார்க்கும் மலையாளிப் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான், மலையாளத்திலும் வினை கடைசியில்தானே.

டாக்டருக்கு ஃபோன் பண்ண இங்கே எஸ்பார் என்று ஒரு முறை சொல்லித்தருவார்கள்: இப்போதைய நிலை, பின்னணி, உன் கணிப்பு, என்ன செய்ய வேண்டும் என்ற உன் கோரிக்கை. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கிய முறை அது. அதிலும் முக்கியமான சேதி முதலில், கதை பிறகு. வாக்கியத்துக்கும் அதே உத்திதான்.

இனி அமைப்புகள். எத்தனை என்பதில் இலக்கணக்காரர்களே ஒத்துப்போவதில்லை. ஐந்து என்பவரும் உண்டு, ஏழு என்பவரும் உண்டு. எண்ணிக்கையை விடு. வினைதான் தனக்குப் பின்னால் என்ன வரவேண்டும் என்று தீர்மானிக்கிறது. "ஹி ஈஸ் ஸ்லீப்பிங்." தூங்குவதற்குச் செயப்படுபொருள் தேவையில்லை, அங்கேயே முடிந்தது. "ஹி ரெஃப்யூஸ்டு ஹிஸ் டின்னர்." எதை மறுத்தார் என்பது வினைக்கு அடுத்து வரும். "தி வூண்ட் லுக்ஸ் கிளீன்." இது நிரப்பி, 'கிளீன்லி' என்று போடாதே, புண்ணைப் பற்றித்தான் சொல்கிறோம். "ஐ கேவ் ஹிம் பாராசிட்டமால்." ஆள் முதலில், பொருள் பிறகு. பொருளை முன்னால் வைத்தால் ஆளுக்கு முன் ஒரு 'டு' சேர்த்துக்கொள். "வீ கெப்ட் ஹிம் வார்ம்." இங்கே 'வார்ம்' அவருடைய நிலையைச் சொல்கிறது.

அட்ஜங்க்ட்டை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும் என்று பள்ளியில் சொன்னார்கள் இல்லையா? சில இடங்களில் நிற்காது. "ஐ புட் தி சார்ட்" என்று நிறுத்திப் பார். எங்கே வைத்தாய் என்று சொல்லாமல் 'புட்' நிறைவடையாது.

நம் ஊர் ஆட்கள் அதிகம் தடுமாறுவது 'எக்ஸ்பிளெய்ன்' விஷயத்தில். 'கிவ்' மாதிரியே நினைத்து "ஐ எக்ஸ்பிளெய்ன்டு ஹிம் தி ப்ரொசீஜர்" என்கிறோம். அந்த வினை அப்படி இரண்டு செயப்படுபொருளை ஏற்காது. "ஐ எக்ஸ்பிளெய்ன்டு தி ப்ரொசீஜர் டு ஹிம்" என்றுதான் வரும். 'டிஸ்கஸ்' நேர்மாறு, அதற்குப் பின்னால் 'அபௌட்' வேண்டாம். அர்த்தம் பக்கத்தில் இருப்பதால் அமைப்பும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதே.

எழுவாயையும் விட்டுவிடாதே. 'வந்தாள்' என்றால் யாரென்று நமக்கு வினையின் விகுதியே காட்டிவிடும். 'கேம்' காட்டாது. மழைக்குக்கூட "இட் ஈஸ் ரெய்னிங்" என்று ஒரு 'இட்' போட்டாக வேண்டும். நோட்ஸில் "ஸ்லெப்ட் வெல், நோ பெயின்" என்று எழுவாய் இல்லாமல் எழுதுவார்கள். அது எழுத்துச் சுருக்கம், அதைப் பார்த்துப் பேசப் பழகாதே. 'அவர் டாக்டர்' என்று நாம் வினையே இல்லாமல் சொல்லும் இடத்திலும் 'ஈஸ்' வேண்டும். நம் கன்னியாகுமரி ஜில்லாக்காரிக்கு இதில் ஒரு வசதி உண்டு: மலையாளம் காதில் விழுந்து வளர்ந்தவள் நீ. 'டாக்டராணு' என்று மலையாளத்தில் 'ஆணு' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஈஸ்' போடு.

கேள்வியா? தமிழில் கடைசியில் ஒரு 'ஆ' சேர்த்தால் போதும். நடந்து முடிந்ததைக் கேட்டால் ஆங்கிலத்தில் முன்னாலேயே 'டிட்' வந்துவிடும்: "டிட் யூ டேக் யுவர் டேப்லெட்ஸ்?" 'டிட்' வந்த பிறகு 'டுக்' வராது.

புத்தகத்துக்குப் பதிலாக ஃபோனில் ஆங்கிலம் கற்போருக்கான அகராதி ஒன்றை வைத்துக்கொள், இலவசமாகவே கிடைக்கும். சாதாரண அகராதி அர்த்தத்தோடு நிறுத்திவிடும். இந்த வகை "எக்ஸ்பிளெய்ன் சம்திங் டு சம்படி" என்று வினையின் அமைப்பையும் சேர்த்துக் காட்டும். ஒரு ஷிஃப்டில் நீ பேசும் வினைகள் அதிகம் இருக்காது: கிவ், டேக், ரெஃப்யூஸ், கம்ப்ளெய்ன், இன்ஃபார்ம் இப்படித்தான். முதலில் 'இன்ஃபார்ம்', 'கம்ப்ளெய்ன்' இரண்டையும் பார். ஒன்றுக்குப் பின்னால் ஆள் நேராக வரும், மற்றதுக்கு 'டு' வேண்டும். ஹேண்ட்ஓவரில் இவை இரண்டும் தினமும் வரும்.