பூலாங்கிழங்கு பவுடரை கோழித் தீவனத்துல கலக்கலாமா?

கேள்வி: வரப்போரம் காட்டுமஞ்சள் மாதிரி ஒரு செடி தானா பெருகி கிடக்கு. இலை நடுவுல கருஞ்சிவப்பா ஒரு பட்டை ஓடுது, கிழங்கை வெட்டினா வெளிர் மஞ்சள், கற்பூர வாசம். பூலாங்கிழங்குன்னு சொல்றாங்க. ஆன்டிஆக்சிடன்ட் நிறைய இருக்கு கோழிக்குஞ்சுக்கு குடுன்னு ஒருத்தர் சொல்றார், விஷம்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

பதில்: ரெண்டு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா குஞ்சுக்கு குடுக்காதீங்க.

ஆன்டிஆக்சிடன்ட்னு சொல்றது எப்படி வருதுன்னா, கிழங்கை மெத்தனால் மாதிரி கரைப்பான்ல ஊறவச்சு சாறு எடுத்து, டிபிபிஎச்னு ஊதா கலர்ல ஒரு கரைசல் இருக்கும், அதுல விடுவாங்க, ஊதா வெளுத்து மஞ்சளானா ஆன்டிஆக்சிடன்ட் இருக்குன்னு அர்த்தம். இது சோதனைக் குழாய்ல நடக்கறது. கோழி வயித்துக்குள்ள போனா அதுல எவ்வளவு ரத்தத்துல சேரும்ங்கறது வேற கதை, மஞ்சளுக்கு நிறம் குடுக்கற குர்குமினே உடம்புல சரியா உறிஞ்சப்படாத சாமான்தான்.

விஷம்னு சொல்றதுலயும் ஒரு குழப்பம் இருக்கு. உப்புத்தண்ணி இறால் குஞ்சுல சாறை விட்டுப் பாக்கற டெஸ்ட் ஒண்ணு உண்டு, ஒரு மில்லிக்கு 1000 மைக்ரோகிராமுக்குள்ள பாதி இறால் குஞ்சு செத்தா வீரியம் இருக்குன்னு கணக்கு. அது முதல்கட்ட சல்லடை, அவ்வளவுதான். அதை மட்டும் வச்சு மனுஷனுக்கோ கோழிக்கோ விஷம்னு சொல்லிட முடியாது.

ஆனா பூலாங்கிழங்கு விஷயத்துல அதோட நிக்கல. 1979ல வந்த ஒரு ஆய்வுல முழு கிழங்கு மாவை எலிக்கும் கோழிக்குஞ்சுக்கும் தீவனத்துல சேர்த்துக் குடுத்தாங்க, இளம் எலிங்க செத்துச்சு, குஞ்சுங்க தீனி எடுக்கறது குறைஞ்சு எடை விழுந்துச்சு. நீங்க செய்ய நினைக்கறது கிட்டத்தட்ட அதேதான். கிழங்குல ஃபீனால் இருக்கறதால ஆன்டிஆக்சிடன்ட் நம்பர் நல்லா வருது, அதுக்காக மத்த சரக்கு பண்ற கெடுதல் ஒண்ணும் கழிஞ்சு போயிடாது, ரெண்டும் ஒரே கிழங்குல பக்கத்து பக்கத்துலயே இருக்கும்.

அப்போ இதுல மாவு எடுத்து சாப்பிடறாங்களேன்னு கேப்பீங்க. அது ஸ்டார்ச், முழு பவுடர் இல்ல. கிழங்கைத் துருவி தண்ணியில கரைச்சு வடிகட்டி, அடியில படியற வெள்ளையை மட்டும் வச்சுக்கிட்டு மேல் தண்ணியை கொட்டிட்டு, கசப்பு போற வரைக்கும் திரும்பத் திரும்ப கழுவுவாங்க. அந்தக் கழுவின தண்ணியையும் சக்கையையும் ஆடு கோழி வாய் வைக்கற இடத்துல ஊத்தாதீங்க.

ஏற்கனவே கலந்துட்டீங்கன்னா உடனே நிறுத்திட்டு பழைய தீவனத்துக்கே மாத்துங்க, சுருண்டு நிக்குது, தீனி எடுக்கலைன்னா கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க, என்ன குடுத்தீங்கன்னும் மறைக்காம சொல்லுங்க. சினை ஆடு மாட்டுக்கும் வேண்டாம்.

இன்னொண்ணு, இலை காஞ்ச பிறகு தோண்டும்போது கண்வலிக்கிழங்கு கூட வந்துடப் போகுது, அதுல கோல்சிசின்ங்கற விஷம் இருக்கு, கொஞ்சம் போனாலே ஆளைக் கொல்லும். உடைச்சா இஞ்சி-மஞ்சள் வாசம் இல்லாத கிழங்கை தொடவே வேண்டாம். வெட்டினா உள்ள நீலமா இருந்தா அது கருமஞ்சளா இருக்கும், உங்களுது இல்ல.

பூலாங்கிழங்குக்கு பெரும்பாலும் இலைக்கு முன்னாடியே தரையிலருந்து பூங்கதிர் கிளம்பும், நுனி செதில் ரோஸ் கலர்ல இருக்கும். அது வந்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, இலையை மட்டும் வச்சு நான் உறுதியா சொல்ல மாட்டேன்.