ஊதாத் தக்காளி மரபணு மாற்றியதா, சேலத்தில் போடலாமா?

ஆன்லைனில் விற்கும் ஊதாத் தக்காளி விதையைச் சேலம் மாவட்டத் தலைவாசல் பக்கம் விதைக்கலாமா என்பது கேள்வி.

விதையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பழத்தை நறுக்க வேண்டும். வெயில் பட்ட தோல் மட்டும் கருத்து, சதை சிவப்பாக இருந்தால் இண்டிகோ ரோஸ் போன்ற சாதாரணக் கலப்பு ரகம். தாராளமாகப் போடலாம். சதையும் ஊதா என்றால் மரபணு மாற்றியதோ என்று சந்தேகப்படுங்கள்.

நாவல் பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனினைச் செய்யும் மரபணுக்கள் தக்காளியிலேயே உண்டு; பழத்தில் மட்டும் அவை முடங்கிக் கிடக்கின்றன. மரபணு மாற்றிய ரகத்தில் சேர்த்த, ஸ்நாப்டிராகன் பூச்செடியின் டெலிலா, ரோசியா1 என்ற இரண்டு மரபணுக்கள் அவற்றை முடுக்குகின்றன. கூடவே இ8 புரமோட்டர் (மரபணுவை எங்கே, எப்போது முடுக்குவது என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ துண்டு): பழுக்கும்போது பழத்தில் மட்டும் வேலை நடக்க அதுதான் காரணம், இலை பச்சையாகவே இருக்கும். 2008இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையம் காட்டிய ஆந்தோசயனின் அளவு, ஒரு கிராம் பழத்துக்குச் சுமார் 2.8 மில்லிகிராம். இந்தத் தக்காளியைத் தின்ற, புற்றுநோய்க்கு ஆளாகும் வகை எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. மனிதருக்கும் அப்படியே என்பது அவசரப் பேச்சு. பழம் சீக்கிரம் குழையாது. வியாபாரிக்கு என்னவோ இதுதான் பெரிய லாபம்!

அமெரிக்காவில் 2024 முதல் வீட்டுத் தோட்டத்துக்கு இதன் விதையை விற்கிறார்கள். இங்கே மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவான ஜிஇஏசி அனுமதியின்றி இந்த விதையை வரவழைப்பதும் விதைப்பதும் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி கூடாது.