பூமிக்குள் பெரிய காந்தக் கட்டி இருக்கிறதா?

திசைகாட்டி முள் எப்போதும் வடக்கையே காட்டுகிறதே, அப்படியானால் பூமிக்குள் காந்தம் இருக்கிறதா என்று நாலாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்பது கேள்வி.

கட்டியாக எதுவும் இல்லை. இரும்பின் சூடு சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதனால் காந்தமாக இருக்க முடியாது. பூமியின் நடுவிலோ பல ஆயிரம் டிகிரி! அப்புறம் எப்படி? ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பும் நிக்கலும் உலைநீர் போல மேலும் கீழுமாகப் புரண்டுகொண்டே இருக்கின்றன. அந்த ஓட்டத்தில் மின்சாரம் உண்டாகிறது. மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தப் புலமும் இருக்கும். பிள்ளை நம்பாவிட்டால், ஆணியில் பூச்சிட்ட செம்புக் கம்பியைச் சுற்றி, பேட்டரியில் கொஞ்ச நேரம் இணைத்துக் காட்டுங்கள். குண்டூசிகள் ஒட்டும். கம்பி சுடும், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

உள்ளே இருப்பது ஓடும் உலோகம் என்பதால், திசைகாட்டி முள்ளை இழுக்கும் காந்தத் துருவமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1831இல் பிரிட்டிஷ் துருவப் பயணி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் வட காந்தத் துருவத்தைக் கனடாவின் வடகோடியில் கண்டுபிடித்தார். இன்று அது சைபீரியா பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

சரி, வீட்டில் காந்தம் எங்கே? மின்விசிறி, ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் உண்டு. எனக்குப் பிடித்தது ஃபிரிட்ஜ் கதவு. பழைய ஃபிரிட்ஜ்களில் கொண்டி இருந்தது. உள்ளே ஒளிந்த குழந்தைகளால் திறக்க முடியாமல் உயிரிழப்புகள் நேர்ந்தன. உள்ளிருந்தும் திறக்கும்படி கதவு இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956இல் சட்டம் போட்டது. இப்போது ரப்பர் விளிம்புக்குள் இருக்கும் காந்தப் பட்டைதான் கதவை மூடி வைக்கிறது, தள்ளினால் திறந்துவிடும்.